பெர்க்லி எட்வர்ட்ஸ் அரங்கம் இருக்க வேண்டுமா, போக வேண்டுமா?

வைகைக்கரை:
அனைவருக்கும் வணக்கம். கலிபோர்னியாவில் பெர்க்லிக்குக் குடிவந்து ஆறு வருடம் ஆகிறது. டவுன்டவுன் ரயில் நிலையத்தில் இறங்கி, பான்கிராஃப்ட் சாலையில் மேடேறித்தான் தினமும் வேலைக்குப் போகிறேன். ஃபுல்டன் தெரு முனையில் இடக்கைப் பக்கம் நீளமாக, கலிபோர்னியாப் பல்கலைக்கழக விளையாட்டரங்கத்தின் பழைய கான்கிரீட் சுவர் வரும். எட்வர்ட்ஸ் அரங்கம். ஆறு வருடமும் அதை ஒரு சுவராகத்தான் பார்த்துவந்தேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மகளை அழைத்துக்கொண்டு முதல்முறையாக உள்ளே போனேன். பல்கலைக்கழகப் பெண்கள் அணியின் கால்பந்து ஆட்டம். ஒரு பக்க மாடத்தில் சில நூறு பேர் இருந்தோம். எதிர்ப்பக்க மாடத்தில் ஈ, காக்கை இல்லை. புல்தரையைச் சுற்றி ஓடுதளம், அதைச் சுற்றி வரிசை வரிசையாகக் காலி இருக்கைகள். இரண்டாம் பாதியில் நாங்கள் உட்கார்ந்திருந்த மூலைக்கு நேர் கீழே ஒரு கார்னர் கிடைத்தது. அடிக்க வந்த பெண் பந்தைக் கொடியருகே வைத்துவிட்டுப் பின்னால் நடந்தாள். மூன்றாவது அடியிலேயே புல் தீர்ந்து ஓடுதளம் வந்துவிட்டது. அங்கிருந்து ஓடி வந்து அடித்தாள். "அப்பா, அவர் ஏன் ரோட்டில் நின்று அடிக்கிறார்?" என்று மகள் கேட்டாள். பதில் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் மனம் குழம்பியது. இந்த ஊரில் வாடகை என்ன நிலையில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், 22,000 பேர் உட்காரும்படி கட்டிய ஓர் அரங்கத்தில் சில நூறு பேர் உட்கார்ந்திருக்கிறோம். அந்த இடத்தில் மாணவர் விடுதி கட்டினால் எத்தனை பிள்ளைகளுக்குக் கூரை கிடைக்கும்? ஆனால் உள்ளே உட்கார்ந்திருந்த இரண்டு மணி நேரமும் எனக்கு அப்படித் தோன்றவே இல்லை என்பதும் உண்மை. இடிக்கப்போகிறார்கள் என்று எந்தச் செய்தியும் கேட்டு இதை எழுதவில்லை. எனக்குள் எழுந்த கேள்வி, அவ்வளவுதான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையமாணவன்:
வைகைக்கரை அவர்களே, அந்தச் சுவருக்குள் என்ன நடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அரங்கம் 1932-இல் திறக்கப்பட்டது. வாரன் பெர்ரி, ஜார்ஜ் கெல்ஹாம் ஆகியோரின் வடிவமைப்பு. அந்தக் காலத்து ஆர்ட் டெகோ பாணி. அன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பெரிய அரங்கம் என்றால் அமெரிக்கக் கால்பந்துக்குத்தான் கட்டுவார்கள். ஓடுதளம் அதன் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். தடகளத்துக்கென்றே இவ்வளவு பெரிதாகக் கட்டியது பெரிய துணிச்சல். பெயர் ஜார்ஜ் எட்வர்ட்ஸ் என்ற கணிதப் பேராசிரியருடையது. 1873-இல் இந்தப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற பன்னிரண்டு பேரில் அவர் ஒருவர். கணக்கு வாத்தியார் பெயரில் ஒரு விளையாட்டரங்கம் இருப்பதே எனக்குப் பிடித்த விஷயம்.

இனி 1966 ஜூலை 17. அன்று இங்கே அமெரிக்கா-போலந்து போட்டி நடந்திருக்க வேண்டும். வியட்நாம் போரைக் காரணம் காட்டிப் போலந்து விலகிவிட்டது. சோவியத் அணியும் தன் போட்டிக்கு வரவில்லை. காலியான தேதியில் உள்நாட்டு வீரர்களை வைத்து ஒரு போட்டி நடத்தினார்கள். கான்சாஸிலிருந்து வந்த ஜிம் ரியன் என்ற 19 வயதுப் பையன் மைல் ஓட்டத்தை 3 நிமிடம் 51.3 நொடியில் முடித்தான். அதற்கு முன் இருந்த உலக சாதனை பிரான்சின் மிஷெல் ஜாஸியுடையது, 3:53.6. மைல் ஓட்டத்தில் சாதனையைப் பத்தில் சில பங்கு நொடி குறைக்கவே உயிர் போகும். இவன் ஒரேயடியாக 2.3 நொடி குறைத்தான். 1937-க்குப் பிறகு அந்தச் சாதனை எந்த அமெரிக்கரிடமும் இருந்ததில்லை.

ஐந்து வருடம் கழித்து, 1971 ஜூலையில், அமெரிக்கா, சோவியத், உலக நட்சத்திர அணி என மும்முனைப் போட்டி இதே இடத்தில் நடந்தது. விஸ்கான்சின் மாணவர் பாட் மாட்ஸ்டார்ஃப் 2.29 மீட்டர் உயரம் தாண்டினார். முந்தைய சாதனை சோவியத்தின் வலேரி புரூமெல் 1963-இல் தாண்டிய 2.28. அதுவும் மாஸ்கோவில் ஓர் அமெரிக்கா-சோவியத் போட்டியில் வந்ததுதான். எட்டு வருடம் அசையாமல் நின்ற சாதனை சோவியத் அணியினரின் கண் முன்னாலேயே இங்கே உடைந்தது.

நாட்டின் வரலாற்று இடங்களுக்கான தேசியப் பட்டியலில் இந்த அரங்கம் இருக்கிறது. இடிக்கலாமா என்று கேட்பதற்கு முன் இதையெல்லாம் ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

ஓட்டக்காரி:
பழையமாணவன் ஐயா சாதனைகளைச் சொல்லிவிட்டார். உங்கள் மகளின் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். அந்தக் கேள்விக்குள்தான் இந்த அரங்கத்தின் பாதிப் பிரச்சினை இருக்கிறது.

400 மீட்டர் ஓடுதளம் இரண்டு நேர்க்கோடும் இரண்டு அரைவட்டமும் சேர்ந்தது. இன்றைய தர அளவில் வளைவின் ஆரம் 36.5 மீட்டர். அப்படியானால் உட்பகுதியின் அகலம் 73 மீட்டர். சர்வதேசக் கால்பந்துத் திடலின் அகலம் 68. நடுப்பகுதியில் இரண்டு பக்கமும் இரண்டரை மீட்டர் மிஞ்சும், பரவாயில்லை. ஆனால் திடலின் நீளம் 105 மீட்டர். ஓடுதளத்தின் நேர்ப்பகுதி 84.39 மீட்டர்தான். ஆகவே திடலின் இரண்டு முனைகளும் தலா பத்து மீட்டர் வளைவுக்குள் நீள்கின்றன. வளைவு உள்ளே குறுகிக்கொண்டே வருவதால் மூலைக்கொடிக்கும் ஓடுதளத்தின் உள்விளிம்புக்கும் இடையே எஞ்சுவது ஏறக்குறைய ஒரு மீட்டர். கார்னர் அடிக்கிறவர் இரண்டடி பின்னால் போனால் "ரோட்டில்"தான் நிற்க வேண்டும். மகளிடம் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். கணக்குப் பேராசிரியர் பெயரில் இருக்கும் அரங்கத்துக்கு அது பொருத்தமாகத்தான் இருக்கும்.

கால்பந்து ரசிகர்கள் ஓடுதளம் உள்ள அரங்கத்தை விரும்புவதில்லை. மாடத்துக்கும் ஆட்டத்துக்கும் நடுவே தளம் அகழி மாதிரிக் கிடக்கும். தடகளக்காரர்களுக்கோ எறிதல் போட்டிகள்தான் தலைவலி. ஈட்டியும் சங்கிலிக் குண்டும் விழுந்த புல்தரை அம்மைத் தழும்பு மாதிரி ஆகிவிடும். அதில் மறுவாரம் பந்து உருட்ட முடியாது. இரண்டு விளையாட்டும் ஒரே கூரையடியில் வாழும் கூட்டுக் குடும்பம்தான். 1999-இல் இங்கே கால்பந்துத் திடல் அமைத்து உட்பகுதிக்குக் கோல்ட்மன் திடல் என்று பெயரிட்டார்கள். அன்றிலிருந்து இரண்டும் அனுசரித்துக்கொண்டு போகின்றன.

நான் மாணவியாக இருந்தபோது இரண்டு வசந்த காலம் இங்கே நீளம் தாண்டும் போட்டிக்குத் தன்னார்வலராக இருந்திருக்கிறேன். என் வேலை மணலைச் சமப்படுத்துவது. ஒவ்வொரு தாண்டலுக்குப் பிறகும் அளவெடுத்து முடிந்ததும் வாரியால் இழுத்துக் குழியை மூட வேண்டும். மதியத்துக்கு மேல் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பக்கமிருந்து காற்று எழும். ஈரம் காய்ந்த மேல்மணல் பறந்து பல்லில் நறநறக்கும். குழாயைத் திறந்து மறுபடி நனைப்போம். ஒரு பெண் ஆறு முறை தாண்டி ஆறாவதில்தான் தன் சொந்த அளவைக் கடந்தாள். அவளுடைய குதிகால் பதிந்த குழியை மூட எனக்கு மனமே வரவில்லை. நடுவர் அதட்டிய பிறகுதான் இழுத்தேன்.

அப்புறம், மாட்ஸ்டார்ஃபின் 2.29 மீட்டரைப் பற்றி ஒன்று. நம் தேஜஸ்வின் சங்கர் 2018-இல் தாண்டிய இந்தியச் சாதனையும் அதே 2.29தான். டெல்லியில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. ஆனால் இருவரும் தாண்டிய விதம் வேறு. தேஜஸ்வின் முதுகு கீழாக வில்லாக வளைந்து தாண்டுகிறவர், அமெரிக்கர் டிக் ஃபாஸ்பரி 1968 ஒலிம்பிக்கில் காட்டிய முறை. மாட்ஸ்டார்ஃப் பழைய முறையில் வயிறு கீழாகக் கம்பியைத் தழுவிப் புரண்டு தாண்டினார். அந்த முறையில் உலகத்தின் உச்சிக்குப் போன கடைசிச் சிலரில் ஒருவர் அவர். உங்கள் வீட்டுச் சுவரில் 2.29 மீட்டரில் ஒரு கோடு போட்டுப் பாருங்கள், புரியும்.

நீலகிரியான்:
ஓடுதளம், காற்று என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் குன்னூர்க்காரன். அரங்கத்துக்கு வடக்கே, வளாகத்தின் மேற்கு முனையில் ஓடையோரம் ஒரு கற்பூர மரத் தோப்பு இருக்கிறது, பார்த்திருக்கிறீர்களா? ஆஸ்திரேலியாவின் நீலக் கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ். எங்கள் மலையில் ஆங்கிலேயர் கொண்டுவந்து நட்டு, நாங்கள் தைலம் காய்ச்சுகிற அதே மரம்.

முதல்முறை அந்தத் தோப்புக்குள் நுழைந்தபோது சிறிது நேரம் அப்படியே நின்றுவிட்டேன். காலடியில் பட்டை சுருள் சுருளாகக் கிடந்தது. ஒரு காயை எடுத்து நகத்தால் கீறி முகர்ந்தேன். பாட்டி சளிக்கு வெந்நீரில் போட்டு ஆவி பிடிக்கவைக்கும் வாசனை. எங்கோ உலகத்தின் மறுபுறம் வந்து நிற்கிறோம் என்பதே மறந்துபோயிற்று.

பிறகுதான் கதையைக் கேட்டேன். 19-ஆம் நூற்றாண்டில் இந்த மரங்களை நட்டது அழகுக்காக அல்ல. அன்று பக்கத்தில் பல்கலைக்கழகத்தின் சாம்பல் பரப்பிய பழைய ஓடுதளம் இருந்தது. கோல்டன் கேட் வாசலுக்கு நேர் எதிரே இருக்கும் ஊர் இது. கடற்காற்று தடையில்லாமல் வந்து அறையும். ஓடுகிறவர்களுக்குக் காற்றுத் தடுப்பாகத்தான் இந்தத் தோப்பை வைத்தார்கள். ஓடுதளம் போய் அந்தப் பக்கத்தில் உயிரியல் கட்டடம் வந்தது, ஓட்டம் எட்வர்ட்ஸுக்கு நகர்ந்தது. காற்றைத் தடுக்க வைத்த மரங்கள் மட்டும் இன்னும் நிற்கின்றன.

வைகைக்கரை:
நீலகிரியான், தினமும் அந்தத் தோப்பை எட்டிப் பார்க்கும் தூரத்தில் நடக்கிறேன். இது தெரியாது. நன்றி. ஓட்டக்காரி சகோதரி, மகள் உங்கள் கணக்கைப் படம் வரைந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

செங்கல்:
மன்னிக்கவும், நான் கொஞ்சம் கசப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. கட்டுமானப் பொறியாளன். நிலநடுக்கத்துக்குப் பழைய கட்டடங்களை வலுப்படுத்துவது என் தொழில். எட்வர்ட்ஸ் அரங்கத்தை நான் ஆய்வு செய்ததில்லை, அதன் நிலை பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். பொதுவாக அந்தக் காலத்துக் கான்கிரீட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

தூணில் நெட்டுக்கம்பிகளைச் சுற்றி ரிங் கம்பி கட்டுவோம் அல்லவா? நிலம் ஆடும்போது கான்கிரீட் வெடித்துச் சிதறாமல் பிடித்து வைப்பது அந்த ரிங்தான். 1971-இல் சான் ஃபெர்னாண்டோ நிலநடுக்கத்தில் புத்தம் புதிய மருத்துவமனைக் கட்டடங்களே நொறுங்கிய பிறகுதான் ரிங்கை நெருக்கமாகக் கட்ட வேண்டும் என்ற விதி இறுகியது. 1930-களில் கட்டியவற்றில் ரிங் எட்ட எட்டத்தான் இருக்கும். கட்டியவர்கள் ஏமாற்றவில்லை, அன்றைய அறிவு அவ்வளவுதான்.

நிலநடுக்கத்தைக் கிளப்பும் ஹேவர்ட் நிலப்பிளவு இந்த ஊரின் மலையடிவாரத்தில் ஓடுகிறது. அது கடைசியாகப் பெரிதாக அசைந்தது 1868-இல். எட்வர்ட்ஸ் அரங்கம் இன்னும் அந்தப் பிளவின் முழு அடியை ஒருமுறைகூட வாங்கவில்லை என்பதை நினைவில் வையுங்கள். 1923-இல் கட்டிய மெமோரியல் அரங்கம் நேராகப் பிளவின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அதைப் பிரித்து, பிளவின் மேலுள்ள பகுதிகள் தனித்தனியாக நகரும்படி செய்து, 2012-இல் மறுபடி திறந்தார்கள். செலவு 321 மில்லியன் டாலர். அந்தக் கடன் விளையாட்டுத் துறையின் கழுத்தை இன்னும் நெரிக்கிறது. எட்வர்ட்ஸ் அங்கிருந்து ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் தள்ளியிருக்கிறது. நிலம் பிளக்காது, ஆனால் குலுக்கல் குலுக்கல்தான்.

ஆகவே இருக்கட்டும் என்று சொல்வது எளிது. இருப்பதற்கு யார் பணம் தருவார்கள்? ஆரிகான் மாநிலத்தில் யூஜீன் நகர ஹேவர்ட் அரங்கத்தைப் பாருங்கள். (பிளவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது பில் ஹேவர்ட் என்ற பயிற்சியாளரின் பெயர்.) 1925-இல் கட்டிய மர மாடத்தை 2018-இல் இடித்தார்கள். ஊரே அழுதது. 2020-இல் புதிய அரங்கம் எழுந்தது. 2022-இல் உலகத் தடகள சாம்பியன்ஷிப் முதன்முறையாக அமெரிக்காவுக்கு வந்தபோது நடந்தது அங்கேதான். பழையதைப் பிடித்துக்கொண்டிருந்தால் அதை அங்கே நடத்தியிருக்க முடியுமா?

பழையமாணவன்:
செங்கல் தம்பி, பாதுகாப்பு பற்றி நீங்கள் சொன்ன ஒரு வார்த்தையையும் மறுக்க மாட்டேன். உயிருக்கு மேல் எதுவும் இல்லை. வலுப்படுத்தியே ஆக வேண்டும் என்றால் வலுப்படுத்தட்டும்.

ஆனால் யூஜீன் உதாரணம் சரியில்லை. அங்கே பின்னால் நின்றவர் நைக்கி நிறுவனர் ஃபில் நைட். அதே பல்கலைக்கழகத்தில் ஓடியவர், அதே தளத்தில் பயிற்சி பெற்றவர். அப்படி ஒரு கொடையாளர் எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை. இங்கே இடித்தால் மறுபடி ஓர் ஓடுதளம் எழும் என்று யார் உறுதி சொல்வது? பல்கலைக்கழகங்களில் பணம் குறைந்தால் முதலில் கத்தி விழுவது தடகளத்தின் கழுத்தில்தான். இடம் போய்விட்டால் கத்திக்கு இன்னும் எளிது.

ஓட்டக்காரி:
செங்கல் அண்ணா, யூஜீன் பற்றி ஒரு தகவல். தேஜஸ்வின் சங்கர் 2018-இல் கான்சாஸ் ஸ்டேட் மாணவராக அமெரிக்கப் பல்கலைக்கழக சாம்பியன் பட்டம் வென்றது இடிப்பதற்குச் சற்று முன், பழைய ஹேவர்டில். தாண்டியது 2.24. 2022-இல் மறுபடி வென்றது புதிய ஹேவர்டில், 2.27. ஒரே ஆள் பழைய வீட்டிலும் புது வீட்டிலும் விளக்கேற்றியிருக்கிறார். ஆகவே புதிதாகக் கட்டுவதை நான் வெறுக்கவில்லை. தடகளத்துக்காகவே கட்டுவார்கள் என்றால் இடிக்கட்டும். விடுதிக்காக இடிப்பது என்றால் என் மனம் ஒப்பாது.

கயல்_ஓக்லண்ட்:
எல்லோரும் சுவருக்குள்ளேயே நிற்கிறீர்கள். வைகைக்கரை கேட்ட கேள்வி சுவருக்கு வெளியே இருப்பது. கொஞ்சம் தெருவில் நடப்போம்.

ரயில் நிலையத்தின் மேலே ஏறியதும் ஷாட்டக் அவென்யூவின் ஒரு துண்டுக்கு இப்போது "கலா பாகாய் வே" என்று பெயர். கலா பாகாய் 1915-இல் கணவரோடும் மூன்று மகன்களோடும் இந்தியாவிலிருந்து வந்தவர். பெர்க்லியில் வீடு வாங்கி, சாமான்களை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கியபோது, அக்கம்பக்கத்தார் வீட்டைப் பூட்டி வைத்து உள்ளே விடவில்லை. நிறம்தான் காரணம். அந்தக் குடும்பம் அந்த வீட்டில் குடியேறாமலே திரும்பிவிட்டது. 1923-இல் இந்தியர்களுக்குக் குடியுரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு அவருடைய கணவரின் குடியுரிமையைப் பறித்தார்கள். 1928-இல் கணவர் உயிரை மாய்த்துக்கொண்டார். கலா பாகாய் அமெரிக்காவிலேயே இருந்து பிள்ளைகளை ஆளாக்கினார். உள்ளே விடாத ஊர் ஒரு நூற்றாண்டு கழித்து அவர் பெயரைத் தெருவுக்கு வைத்திருக்கிறது. அந்தப் பெயர்ப் பலகையிலிருந்து எட்வர்ட்ஸ் வாசலுக்கு நடக்கப் பத்து நிமிடம்கூட ஆகாது.

இப்போது ஆர்ச்சி வில்லியம்ஸைப் பாருங்கள். என் ஊர் ஓக்லண்டில் பிறந்த கறுப்பின இளைஞர். பெர்க்லியில் இயந்திரப் பொறியியல் படித்தார். எட்வர்ட்ஸ் திறந்து சில வருடமே ஆகியிருந்த காலத்தில் இந்தப் பல்கலைக்கழகத்துக்காக ஓடினார். 1936-இல் 400 மீட்டரில் 46.1 நொடி ஓடி உலக சாதனை. அதே வருடம் பெர்லின் ஒலிம்பிக்கில், ஹிட்லரின் தலைநகரில், தங்கம். பிறகு விமானியானார். டஸ்கேகீயில் கறுப்பின விமானிகளுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தார். வயதான காலத்தில் வளைகுடாவின் மறுகரையில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். 2021-இல் அந்தப் பள்ளிக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள். நிறத்தைப் பார்த்து வீட்டைப் பூட்டிய அதே ஊரில், ஒரு கறுப்பினப் பையனுக்கு ஓடுவதற்கு ஒரு தளம் திறந்திருந்தது. ஊர் மாறிவிட்டது என்று நான் சொல்லவில்லை. அந்தத் தளம் திறந்திருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

விடுதிப் பிரச்சினைக்கு வருகிறேன். அரங்கத்திலிருந்து தென்கிழக்கே பத்து நிமிடம் நடந்தால் மக்கள் பூங்கா. 1969-இல் ஊர்க்காரர்களும் மாணவர்களும் பல்கலைக்கழகத்தின் காலி மனையில் செடி நட்டுப் பூங்காவாக்கினார்கள். மே 15 அன்று வேலி போட்டபோது மூண்ட கலவரத்தில் காவல் துறை சுட்டு ஜேம்ஸ் ரெக்டர் என்ற இளைஞர் செத்துப்போனார். ஐம்பத்தைந்து வருடம் இழுத்து, 2024 ஜனவரியில் சரக்குக் கண்டெய்னர்களை இரண்டடுக்காக அடுக்கிச் சுவர் எழுப்பி, மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், இப்போது அங்கே ஏறக்குறைய 1,100 மாணவர்களுக்கு விடுதி எழுகிறது. நான் அந்த விடுதியை ஆதரித்தவள். என் தோழி ஆய்வு மாணவியாக இருந்தபோது ஓர் அறையில் மூன்று பேர் படுத்திருந்தார்கள். அவள் பாய் கதவுக்குப் பின்னால். யாராவது உள்ளே வந்தால் எழுந்து வழி விட வேண்டும். அதைப் பார்த்தவளுக்கு 22,000 காலி இருக்கை உறுத்தத்தான் செய்யும்.

ஆனாலும் எட்வர்ட்ஸ் வேண்டாம் என்று எனக்குச் சொல்ல வரவில்லை. ஷாட்டக்கிலும் யூனிவர்சிட்டி அவென்யூவிலும் ஒற்றை மாடிக் கடைகளும் கார் நிறுத்தங்களும் இன்னும் இருக்கின்றன. முதலில் அங்கே உயரமாகக் கட்டட்டும். ஆயிரம் மாணவர்களை இறுக்கிக் குடிவைக்கும் ஒரு வட்டாரத்தில் வானம் தெரிகிற இடத்தை எடுத்துவிட்டால், அந்த ஆயிரம் பேரும் எங்கே போய் மூச்சு விடுவார்கள்?

செங்கல்:
கயல் அக்கா, கலா பாகாய் கதையைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என் நிலையை மாற்றிக்கொள்கிறேன் என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் நகர்கிறேன். இரண்டு மாடமும் அப்படியே இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. ஒரு பக்கத்தை வலுப்படுத்தி வைத்துக்கொண்டு, எதிர்ப்பக்க மாடத்தின் இடத்தில் விடுதி கட்டலாம். அறை ஜன்னலைத் திறந்தால் கீழே ஓட்டப் போட்டி தெரியும். உலகத்தில் பல ஊர்களில் அரங்கத்தின் முதுகிலேயே குடியிருப்பு இருக்கிறது. பொறியியல்படி இது கடினமே அல்ல. அடித்தளம் புதிதாக வரும்போது பழைய மாடத்துக்கும் முட்டுக் கொடுக்கலாம்.

பழையமாணவன்:
தம்பி, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! ஒரு பக்கத்துச் சுவரும் ஃபுல்டன் தெருப் பார்வையும் பிழைக்கும் என்றால் நான் கைகொடுப்பேன். ஆர்ட் டெகோவின் அழகெல்லாம் அந்த வெளிச்சுவரில்தான். வைகைக்கரை, அடுத்த முறை மாலை வெயிலில் அங்கே நில்லுங்கள். மேற்கு வெயில் சாய்வாக விழும்போதுதான் அந்தக் கான்கிரீட்டின் மடிப்புகள் கண்ணுக்குத் தெரியும். நண்பகலில் வெறும் சாம்பல் நிறம்.

எடி ஹார்ட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று ஒரு குறை. இதே பல்கலைக்கழகத்து ஓட்டக்காரர். 1972-இல் யூஜீனில் நடந்த தேர்வுப் போட்டியில் 100 மீட்டரை 9.9 நொடியில் ஓடி உலக சாதனையைச் சமன் செய்தார். மியூனிக் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்குவார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். பயிற்சியாளரின் கையில் இருந்தது பழைய நேர அட்டவணை. காலிறுதி ஓட்டம் தொடங்கியபோது ஹார்ட் அரங்கத்தில் இல்லை. அந்த ஓட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பதறி ஓடியிருக்கிறார்கள். அதற்குள் பெயர் நீக்கப்பட்டுவிட்டது. நாலு வருட உழைப்பு ஒரு காகிதத்தில் போயிற்று. சில நாள் கழித்து 4x100 தொடர் ஓட்டத்தில் கடைசிக் கட்டையை வாங்கி, 100 மீட்டரில் வென்ற சோவியத் வீரர் போர்சோவின் அணிக்கு முன்னால் கோட்டைத் தொட்டார். உலக சாதனையோடு தங்கம். அந்தக் கால்கள் இங்கே பழகிய கால்கள்.

நீலகிரியான்:
கால்பந்துப் பக்கம் ஒரு பெயர் சேர்த்துக்கொள்ளுங்கள். அலெக்ஸ் மார்கன். 2007 முதல் 2010 வரை இந்தப் பல்கலைக்கழக அணி. பிறகு 2015, 2019 என இரண்டு உலகக் கோப்பை. வைகைக்கரையின் மகள் உட்கார்ந்து பார்த்தது அவர் ஓடிய அதே புல்தரை. இப்போது இந்த அணி அட்லாண்டிக் கரைப் பல்கலைக்கழகங்களின் குழுவில் சேர்ந்துவிட்டதால் பிள்ளைகள் ஓர் ஆட்டத்துக்காக நாட்டின் மறுகரைக்குப் பறந்து போகிறார்கள். படிக்கிற பிள்ளைகளுக்கு இது என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. அது வேறு விவாதம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அரங்கத்திலிருந்து வளாகத்துக்குள் கொஞ்சம் மேடேறினால் ட்வினெல் கட்டடம். சங்கப் பாடல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன ஜார்ஜ் ஹார்ட் பணியாற்றிய வளாகம் இது. தமிழ் செம்மொழிதான் என்று அவர் 2000-ஆம் வருடம் எழுதிய கடிதம் நம் எல்லோருக்கும் தெரியும். இங்கே தமிழுக்கு ஒரு பேராசிரியர் இருக்கை அமையப் பணம் திரட்டியவர்களில் இந்த வளைகுடாப் பகுதித் தமிழர்கள் பலர். ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் அந்தப் பக்கமும் ஒரு நடை போய்வரலாம்.

வைகைக்கரை:
இரண்டு நாளாக இந்த இழையைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி. கயல் சகோதரி சொன்ன கதவுக்குப் பின்னால் விரித்த பாயும், பழையமாணவன் ஐயா சொன்ன மாலை வெயிலும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. செங்கல் சொன்ன வழியில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது என்று நினைக்கிறேன். நகர மன்றத்தில் இந்த வட்டாரத்தைப் பற்றிய பேச்சு வரும்போது போய் என் பங்குக்கு அதைச் சொல்வேன்.

நேற்று மாலை வேலை முடிந்து திரும்பும்போது தோப்புக்குள் போய் மகளுக்காக நான்கு காய் பொறுக்கி வந்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "தாத்தா வீட்டுத் தைலம்" என்றாள். அப்புறம் ஓட்டக்காரி சொன்னபடி அளவு நாடாவை எடுத்துக்கொண்டு சமையலறைச் சுவருக்குப் போனோம். கதவு நிலை 2.03 மீட்டரிலேயே முடிந்துவிட்டது. நாற்காலியில் ஏறி 2.29-இல் பென்சிலால் கோடு போட்டேன். கோட்டுக்கும் கூரைக்கும் நடுவே என் கையை விரித்து வைத்துப் பார்த்தேன். ஒரு சாண்கூட இல்லை. மகள் கோட்டுக்குக் கீழே சுவரோடு ஒட்டி நின்று, கையை உயர்த்தி, ஒரு குதி குதித்தாள். "எவ்வளவு குறைகிறது, அளந்து சொல்லுங்கள்" என்கிறாள். இன்றைக்கும் அதே வேலைதான் நடந்துகொண்டிருக்கிறது.

ஓட்டக்காரி:
சுவரில் எண்ணெய்க் கறை படியாமல் கோட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். மாதம் ஒருமுறை குதித்து, தேதி போட்டு எழுதச் சொல்லுங்கள். ஏப்ரலில் தடகளப் போட்டி வரும்போது அழைத்து வாருங்கள். உயரம் தாண்டும் கம்பிக்கு மிக அருகில் இருக்கிற மாடத்தில் முதல் வரிசையில் உட்காருங்கள், கம்பி அதிர்வது அங்கே காதில் கேட்கும்.